பசியைப் பெயரில் சுமக்கும் விருந்து

நெகிரி செம்பிலான் தோட்டத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் நான்கு தலைமுறையினரும் ஒருங்கிருந்து பேசுவதாக வைத்துக்கொள்வோம். ‘ஜப்பான்காரன் சாப்பாடு’ என்னும் பேச்சு இடையே எழுகிறது. தொண்ணூறு அகவை கடந்த பாட்டிக்கு அச்சொல் மரவள்ளிக்கிழங்கை நினைவூட்டும். 1942 முதல் 1945 வரை அரிசியைக் கண்ணால் காண்பதே அரிதாயிருந்த நாள்களை நினைவூட்டும். கோலாலம்பூரில் அலுவல் பார்க்கும் கொள்ளுப்பேரனுக்கோ அதே சொல் வேறொரு காட்சியைத் தரும். பெரிய தங்கும் விடுதியின் மேல்மாடி. ஓசை அடங்கிய அறை. ஒன்றன்பின் ஒன்றாக வரும் எட்டுப் பத்துச் சிறு கலங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வாய் அளவே உணவு. இறுதியில் பல நூறு ரிங்கிட்டுக்குக் கணக்குச் சீட்டு. “அவ்வளவு பணம் கொடுத்தியே, வயிறு நெறைஞ்சுதாய்யா?” என்று பாட்டி கேட்பார். பேரன் விடை சொல்லத் தடுமாறுவான்.

பாட்டியின் வினா நகைத்துத் தள்ளத்தக்கது அன்று. அவ்விருந்தின் பெயரே அவ்வினாவோடு உறவுடையது.

அப்பெயர் கைசெக்கி. முதலசை ‘கை’ என்று ஒலிக்கக் கேட்டவுடன், கையால் உண்பது பற்றி வந்த பெயரோ எனத் தமிழார்வலர் சிலர் எண்ணக்கூடும். அவசரம் வேண்டா. ஜப்பானியர் இதனைக் குச்சிகளால் உண்பர். இச்சொல்லை அவர்கள் இருவகையாக எழுதுவர். ஒலி ஒன்றே, எழுத்தும் பொருளும் வேறு. ஒருவகை எழுத்தில் ‘கை’ என்பது கூட்டம், ‘செக்கி’ என்பது இருக்கை. கூடியிருந்து உண்பது என்பது கருத்து. மற்றொரு வகை எழுத்தில் ‘கை’ என்பது மார்பின்மேல் அமையும் ஆடை மடிப்பு, ‘செக்கி’ என்பது கல். மடிப்பிலே வைத்த கல் என்பது கருத்து.

கல்லுக்கும் விருந்துக்கும் என்ன உறவு? பௌத்தத் துறவியர் நண்பகலுக்குப்பின் உண்ணலாகாது என்பது பழைய விதி. குளிர் மிகுந்த நாட்டில் இரவுப் பசியைத் தாங்குவதற்காக, ஜென் மடத்துத் துறவியர் சுட்ட கல்லைத் துணியில் சுற்றி வயிற்றோடு அணைத்து வைத்துக்கொள்வர் என்பது வழிவழியாக வரும் செய்தி. சூடு வயிற்றை ஏமாற்றும். பசி சற்றே அடங்கும். அக்கல் எவ்வளவு பசியை அடக்குமோ அவ்வளவே அடக்கும் எளிய உணவு என்று சொல்லிக்கொள்வதே அப்பெயர். பிற்காலத்தில் மடங்களில் மாலையுணவு புகுந்தபோது அதற்கு ‘யக்குசெக்கி’ என்று பெயர் வழங்கியது. மருந்துக் கல் என்பது அதன் பொருள். உணவு என்றால் விதி மீறியதாகும். மருந்து என்றால் ஆகாது.

பசியைப் பிணி என்றும் உணவை மருந்து என்றும் கண்ட பார்வை தமிழர்க்கும் உண்டு. மணிமேகலை என்னும் பௌத்தக் காப்பியத்தில் பசிப்பிணி தீர்ப்பதே பேரறமாகப் பேசப்படுகிறது. சிறுகுடி கிழான் பண்ணனைப் பசிப்பிணிக்கு மருத்துவன் எனப் புறநானூற்றில் பாராட்டியவன் முடியுடைய சோழ வேந்தனாகிய கிள்ளிவளவன். ஆயினும் நம் மொழி விருந்துக்குப் பெயரிட்ட முறை வேறு. ‘விருந்து’ என்பதற்குப் புதுமை என்பது பொருள். தொல்காப்பியத்திலும் அப்பொருளில் வந்துள்ளது. அது புதிதாய் வந்தவரைக் குறித்து, பின்னர் அவர்க்கிடும் உணவைக் குறித்தது. தமிழ்ச்சொல் வாயிலை நோக்கி நிற்கிறது. ஜப்பானியச் சொல் வயிற்றை நோக்கி நிற்கிறது.

இவ்விடத்தில் வரலாற்றுச் செய்தி ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தேநீர் நெறியைச் செம்மை செய்தவர் சென் நோ ரிக்கியூ என்பவர். 1522இல் சாக்காய் என்னும் துறைமுக நகரில் பிறந்து, ஹிதெயோஷி என்னும் பெருந்தலைவரிடம் தேநீர் ஆசானாக விளங்கி, அவருடைய ஆணையாலேயே 1591இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டவர். அவர் காலத்துக் குறிப்புகளில் தேநீர் விருந்துக்குரிய உணவு ‘கூட்டத்து இருக்கை’ என்ற எழுத்திலேதான் காணப்படும். ‘மடிக்கல்’ என்ற எழுத்து, அவர் இறந்து ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப்பின் தோன்றிய ‘நம்போரொக்கு’ என்னும் நூலின் வழியாகப் பரவியது. ஆகவே பசியில் பிறந்த பெயர் என்று கூறுவதைவிட, வயிறு நிறைந்த காலத்தவர் பசியைத் தேடி எடுத்துப் பெயரில் பதித்தனர் என்று கூறுவதே பொருந்தும். ஏன் அவ்வாறு செய்தனர்? உணவு பெருகப் பெருக ஆரவாரமும் பெருகும். அதனைத் தடுத்து நிறுத்த ஒரு கல் தேவைப்பட்டது போலும்.

தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு கற்பித்த பேராசிரியர் ஓனோ சுசுமுவின் பெயர் தமிழாசிரியர்க்குப் புதிதன்று. 1919 முதல் 2008 வரை வாழ்ந்த அவர், பேராசிரியர் பொற்கோ அவர்களோடு சேர்ந்து தமிழ் பயின்று, நெல் வேளாண்மைச் சொற்கள் பலவற்றை இரு மொழியிலிருந்தும் ஒப்பிட்டார். நம் பொங்கலையும் அவர்களுடைய ஜனவரி 15ஆம் நாள் விழாவையும் அருகருகே வைத்துக் காட்டினார். மொழியியலார் பெரும்பாலோர் அம்முடிபை ஏற்கவில்லை. ‘கை’ என்னும் ஒலியைப் பிடித்துக்கொண்டு மேலும் ஓர் உறவை நாட்டுவதால் தமிழுக்கு ஏற்றம் ஒன்றும் வந்துவிடாது. உண்மையான ஒப்புமைகள் சோற்றுப் பானைக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றைப் பின்னர்க் காண்போம்.

பாட்டியின் பசி

பாட்டியின் நினைவிலுள்ள ஜப்பான் எது? 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தாபாருவில் இறங்கிய படை, 1942 ஜனவரியில் நெகிரி செம்பிலானைக் கடந்து, பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரைக் கைக்கொண்டது. போருக்குமுன் மலாயா உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வந்தது. கப்பல் நின்றது, அரிசியும் நின்றது. இரப்பருக்குச் சந்தை இல்லை. எனவே தோட்டத்தில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. லயத்தைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் மரவள்ளியும் சக்கரவள்ளியும் ஆயின. வாழைமரம் அச்சிட்ட பணத்தாள் புழங்கிற்று; நாளாக ஆக அதற்கு மதிப்பில்லாமற் போயிற்று. சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் இரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களுள் திரும்பாதவர் பல்லாயிரவர்.

நெகிரி செம்பிலானிலேயே, பகாவை ஒட்டிய காட்டில், சிங்கப்பூரிலிருந்து கத்தோலிக்கர்களைக் கொண்டுவந்து குடியேற்றி, தம் உணவைத் தாமே விளைத்துக்கொள்ளுமாறு ஜப்பானிய நிருவாகம் ஏற்பாடு செய்தது. அக்குடியேற்றத்துக்கு இட்ட பெயர் ‘ஃபூஜி’ சிற்றூர். ஜப்பானின் திருமலையின் பெயர். மண் வளமற்றது; மலேரியாக் காய்ச்சல் கொடியது. அவர்களோடு சென்ற ஆயர் தெவால் அவர்களும் 1945 ஜனவரியில் அங்கேயே இறந்தார். அழகிய பெயர் பசியை ஆற்றுவதில்லை என்பதைப் பகாவ் மண் அறியும்.

ஜப்பான் நாட்டு மக்கள் மட்டும் வயிறார உண்டனரா எனின், இல்லை. 1944இன் தொடக்கத்தில் உயர்தர உணவகங்களை மூடுமாறு அந்நாட்டு அரசே ஆணையிட்டது. கைசெக்கி வீடுகளின் அடுப்பும் அணைந்தது. போர் முடிந்த ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் தோக்கியோ மக்கள் மூட்டை சுமந்து சிற்றூர்களுக்குச் சென்று சக்கரவள்ளிக்கிழங்கு தேடினர். பாட்டியும் தோக்கியோ மூதாட்டியும் ஒரே காலத்தில் ஒரே கிழங்கை அவித்தனர். இதனால் ஒருவர் செய்த கொடுமை குறைந்துவிடாது. ஆனால் அடுத்து வரும் செய்திகளைப் புரிந்துகொள்ள இது வேண்டும். (அக்காலத்துச் சமையற் சொற்களை முதியோரிடம் கேட்டு மாணவர் எழுதிவரும் பயிற்சியை ஆசிரியர்கள் இவ்வாண்டே செய்விக்கலாம். சொல்லக்கூடியோர் விரல்விட்டு எண்ணும் அளவினரே இருக்கின்றனர்.)

கலம் வரும் முறை

இனி விருந்துக்கு வருவோம். இன்றைய உணவகங்களில் கிடைப்பது ‘கூட்டத்து இருக்கை’ வகையைச் சார்ந்த கைசெக்கி. எடோக் காலத்தில் கவிஞர் கூடும் அவைகளோடும் அரிசி மதுவோடும் வளர்ந்து, உணவகத்துக்குள் புகுந்தது இது. உண்பவர் பட்டியலைப் பார்த்துத் தேர்வதில்லை. சமைப்பவர் தருவதை உண்பார். முதலில் வருவது ‘சக்கிஸுக்கே’. வாயைத் திறக்கும் சிறு கலம். அடுத்துப் பெரும்பாலும் ‘ஹஸ்ஸுன்’. இச்சொல்லுக்கு எட்டு அங்குலம் என்பது போன்ற பொருள். ஜப்பானிய ‘ஸுன்’ ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர். எட்டு ஸுன் சதுரமான தேவதாரு மரத்தட்டு என்பதனால் அப்பெயர். பழைய தேநீர் நெறியில் அதில் கடலிலிருந்து ஒன்றும் மலையிலிருந்து ஒன்றும் மட்டுமே வைப்பர். நெய்தலும் குறிஞ்சியும் ஒரு தட்டில் எதிரெதிரே இருக்கும் என்று சொன்னால் நம் மாணவர்க்கு உடனே விளங்கும்.

பின்னர் மூடியிட்ட கிண்ணத்தில் தெளிந்த சாறு, பச்சை மீன் துண்டங்களாகிய சாஷிமி, சுட்டது, மெல்லிய சாற்றில் வேகவைத்தது, ஆவியில் அவித்தது, பொரித்தது என வெவ்வேறு சமையல் முறையில் கலங்கள் வரும். வரிசை வீட்டுக்கு வீடு சிறிது மாறும். ஒரு முறையில் சமைத்தது மீண்டும் வரக்கூடாது. ஒரே மீனோ காயோ இருமுறை தலைகாட்டக்கூடாது. யாப்பில் வல்ல புலவன் கூறியது கூறலைக் குற்றமென விலக்குவதோடு இதனை ஒப்பிடலாம்.

இதில் மூடியிட்ட சாற்றுக் கிண்ணமே சமையற்காரரின் திறமைக்கு உரைகல் என்பர். அரக்குப் பூசிய கிண்ணத்தின் மூடி, உள்ளிருக்கும் ஆவியால் இறுகப் பற்றிக்கொள்ளும். வலிந்து திறந்தால் சாறு சிந்தும். இடக்கையால் கிண்ணத்தின் விளிம்பை மெல்ல அமுக்கினால் காற்றுப் புகும். மூடி தானே எழும். மூடியைச் சற்றே சாய்த்து அதிலுள்ள நீர்த்துளிகளைக் கிண்ணத்துக்குள்ளேயே விழவிட்டு, பின்னரே அதனை வைக்கவேண்டும். கிண்ணத்தைக் கையில் எடுத்து வாயருகே கொண்டு பருகுவது அங்கே பண்பு. இலையின்முன் குனிந்து உண்டு பழகிய நம்மவர்க்கு, கலத்தைத் தூக்குவது நாணத்தைத் தரும். அங்கே குனிவதுதான் நாணத்துக்குரியது.

குச்சிகளைச் சோற்றில் நட்டு நிறுத்தலாகாது. இறந்தவர்க்குப் படைக்கும் முறை அது. ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றலாகாது. எரியூட்டியபின் எலும்பு எடுக்கும் முறை அது. இலையை எப்புறம் மடிப்பது என்பதில் மங்கலமும் அமங்கலமும் காணும் தமிழர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? உண்ணும் இடத்தில் இறந்தவரை நினைத்துக்கொண்டே இருப்பது இரு மக்களுக்கும் பொது.

சைவ உணவினர் ஒன்றை மறக்கலாகாது. காய்கறி மட்டும் தோன்றும் கலத்திலும் மீன் சாறு இருக்கும். ‘தாஷி’ எனப்படும் அடிப்படைச் சாறு இரண்டு பொருள்களால் ஆவது. ஒன்று கடற்பாசி வகை. அதன் பெயர் கொம்பு. (மாட்டுக்கொம்போடு உறவில்லை.) மற்றொன்று சூரை மீனைப் புகையில் உலர்த்தி மரக்கட்டைபோல் இறுகச் செய்து சீவிய தூள். இலங்கைத் தமிழரும் தூத்துக்குடியாரும் ‘மாசி’ என்று வழங்கும் கருவாட்டுக்கு இது மிக நெருங்கிய உறவு. மீன் அதே சூரைதான். முன்கூட்டியே சொல்லிவைத்தால் சில வீடுகளில் மடத்துச் சைவ உணவாகிய ‘ஷோஜின்’ முறையில் கொம்பும் காளானும் இட்டுச் சாறு இறக்கித் தருவர். மாட்டிறைச்சி வேண்டாதவரும் இடம் பதியும்போதே சொல்லிவிடுவது நன்று.

ஆறாவது சுவை

தாஷி என்பதற்கு வெளிப்படுத்துவது, இறக்குவது என்பது பொருள். நம் இரசத்தைச் சாறு என்றும் சாற்றமுது என்றும் வழங்குவதை நினைக்க. இரண்டும் பொருளின் சாரத்தை நீரில் இறக்குவனவே. ஆனால் இரசம் புளியும் மிளகும் கொண்டு நாவைத் தட்டி எழுப்பும். தாஷி நாவைத் தட்டாது, அருகில் வந்து அமரும். 1908இல் இக்கேதா கிக்குனாயே என்னும் வேதியியல் பேராசிரியர், கொம்பிலிருந்து இச்சுவைக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு ‘உமாமி’ என்று பெயரிட்டார். கடைத்தெருவில் விற்கும் சுவையூட்டும் வெள்ளைத் தூள் அதிலிருந்து பிறந்ததே.

இதனினும் தமிழாசிரியர் கருதத்தக்கது மற்றொன்று உண்டு. 1237இல் தோகென் என்னும் ஜென் ஆசான், மடத்துச் சமையற்காரர்க்கு அறிவுரையாகத் ‘தென்ஸோ கியோக்குன்’ என்னும் நூலை எழுதினார். அதில் ஆறு சுவை பேசப்படுகிறது. கைப்பு, புளிப்பு, இனிப்பு, கார்ப்பு, உவர்ப்பு என ஐந்தும் நம் அறுசுவையோடு ஒத்துவருகின்றன. ஆறாவது இடத்தில் நாம் துவர்ப்பை வைத்தோம். அவர்கள் வைத்ததோ, எச்சுவையும் மிகாத மென்மை. நம் வீட்டில் ‘சப்பென்று இருக்கிறது’ என்று குறை கூறி விலக்குவோமே, அதனையே அவர்கள் சுவைகளுள் ஒன்றாக எண்ணினர். கைசெக்கிக்குச் சென்று, காரமும் இல்லை மணமும் இல்லை என்று வருந்தித் திரும்பும் தமிழர் பலர். அவர்கள் ஐந்து சுவைக்கே நாவைக் கொடுத்து, ஆறாவது வந்ததை அறியாமல் எழுந்துவிட்டனர் என்று சொல்லலாம். நெடுநாள் காய்ச்சலுக்குப்பின் அருந்தும் முதற் கஞ்சியை எண்ணிப் பார்த்தால் அச்சுவை இன்னதென்று பிடிபடும்.

பருவமும் பணமும்

கைசெக்கியின் உயிர் பருவத்தில் இருக்கிறது. இளவேனிலில் மூங்கிற்குருத்து, கோடையில் ‘ஆயு’ என்னும் ஆற்றுமீன், இலையுதிர் காலத்தில் ‘மட்ஸுதாக்கே’ என்னும் காளான், குளிரில் நண்டும் கோசுக்கிழங்கும். பருவத்தையும் மூன்றாகப் பகுப்பர். முதன்முதல் தலைகாட்டுவது ‘ஹஷிரி’, நிறைந்து விளைவது ‘ஷுன்’, விடைபெறும் நிலையில் இருப்பது ‘நகோரி’. கலத்தின் நிறமும் மண்ணும் அதற்கேற்ப மாறும். கோடையில் கண்ணாடிக் கலம், குளிரில் தடித்த மண்கலம். தொல்காப்பியர் கருப்பொருளை எண்ணும்போது தெய்வத்தை அடுத்து உணவை வைத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவு அதன்வழிப் பிறப்பது. இந்த இலக்கணத்தைத் தட்டில் எழுதிக்காட்டியவர் ஜப்பானியர் என்றால் மிகையாகாது.

ஆனால் கோலாலம்பூரில் உண்ணும் கைசெக்கியில் யாருடைய பருவம் இருக்கிறது? சிறந்த வீடுகளுக்கு மீன், தோக்கியோவில் 2018இல் திறக்கப்பட்ட தொயோஸு சந்தை முதலியவற்றிலிருந்து வானூர்தியில் வருகிறது. தட்டில் இலையுதிர் காலத்துச் செவ்விலை கிடக்கும். சன்னலுக்கு வெளியே மாலை மழை கொட்டும். நெகிரி செம்பிலானுக்கும் பருவம் உண்டு. ஆண்டின் தொடக்கத்து வறட்சியில் இரப்பர் மரம் இலையுதிர்க்கும், பால் குறையும், பால்மரம் வெட்டுவோர் கையில் காசு குறையும், அடுப்பில் அது தெரியும். இன்று தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனை ஆகிவிட்டது. ஆயினும் அந்த மாதங்களில் ஆக்கிய முருங்கைக்கீரையும் கருவாடும் முதியோர் நாவில் இன்னும் பருவமாகவே நிற்கின்றன. ரிக்கியூவின் நெறி அருகில் கிடைப்பதைக் கொண்டு விருந்தினரை மகிழ்விப்பது. இரண்டு பாய் விரித்தால் நிறைந்துவிடும் சிற்றறை அவருடையது. ஒரு சாறும் மூன்று கறியும் அவர் வகுத்த அளவு. அந்நெறியின்படி பார்த்தால், வானூர்தியில் வந்த மீனைவிடத் தோட்டத்து முருங்கைக்கீரைக்கே கைசெக்கியில் முதலிடம் கிடைக்கவேண்டும். நகரத்து விருந்து கைத்திறத்தில் குறைவுடையது அன்று. அதற்கு விலை ஏறியதும், கல்லை மறந்ததும் ஒருங்கே நிகழ்ந்தன என்பதே குறை.

குறை அவர்கள்பால் மட்டும் இல்லை. வாழையிலையின் குறுகிய நுனி உண்பவரின் இடப்புறம் இருக்கவேண்டும். உப்பு முன்னர் வரும். கறிகள் மேற்பாதியில், சோறு கீழ்ப்பாதியில். குழம்பு, இரசம், மோர் என்று நீர்மை ஏற ஏற வயிறு இளகும். இதுவும் எண்ணி அமைத்த வரிசையே. தோட்டத்துக் கலியாணங்களில் பரிமாறுவோர் இதனை எழுத்தில்லாமலே அறிந்திருந்தனர். இன்று வரிசையில் நின்று தாமே எடுத்துக்கொள்ளும் விருந்துகள் மிகுந்தபின், எது முன் எது பின் என்பது இளையோர் பலர்க்குத் தெரியவில்லை. ஜப்பானியர் தம் உணவு மரபை எழுதினர், பள்ளியில் கற்பித்தனர், 2013இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெறச் செய்தனர். மலேசியாவின் காலையுணவுப் பண்பாடும், ரொட்டி சானாயும் தே தாரிக்கும் உட்பட, 2024 டிசம்பரில் அப்பட்டியலில் சேர்ந்தது. இலைச் சாப்பாட்டின் வரிசையைத் தோட்டப் பள்ளியின் சுவரில் ஒரு படமாக எழுதிவைப்பதற்கு யுனெஸ்கோ தேவையில்லை.

சோறு வரும் நேரம்

பாட்டியின் வினாவுக்கு விடை இனித்தான் வருகிறது. உணவகத்துக் கைசெக்கியில் எட்டுக் கலமும் தீர்ந்தபின்னரே சோறு வரும். புதிதாக வடித்த சோறு, ஊறுகாய், ‘மிஸோ’ சாறு, இவ்வளவே. அதற்கு வழங்கும் பெயரைக் கவனிக்கவேண்டும்: ‘ஷொக்குஜி’. உணவு என்பதே அதன் நேர்ப்பொருள். அதற்கு முன்வந்த கடலும் மலையும் மதுவுக்குத் துணை. உணவு என்ற பெயர் சோற்றுக்கு மட்டுமே. ‘கோஹான்’ என்னும் அவர்கள் சொல்லுக்குச் சோறு என்றும் பொருள், சாப்பாடு என்றும் பொருள். ‘சாப்பாடு ஆச்சா?’ என்று கேட்கும் தோட்டத்துத் தமிழர்க்குச் சோறு உண்ணாத வேளை சாப்பாடே அன்று. பல வீடுகளில் அச்சோற்றை உண்பவர் கண்ணெதிரே மண்பானை மூடியைத் திறந்து காட்டியபின் பரிமாறுவர். மறுசோறு கேட்பது அங்கே இழிவன்று. வயிறு நிறையாமல் எழுந்துவந்த பேரன், மறுசோறு கேட்கத் தயங்கியவனாக இருத்தல் கூடும்.

கியோத்தோ நகரில் நான்ஸென்ஜி கோயிலுக்குச் செல்லும் வழியில், தேநீர்க் கொட்டகையாகத் தொடங்கி 1837இல் உணவகமான ‘ஹியோத்தேய்’ என்னும் வீடு இருக்கிறது. அதன் பெரும்புகழுக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, மஞ்சட்கரு இளகியிருக்க அவித்த முட்டை. மற்றொன்று, காலைக் கஞ்சி. உலகின் செல்வர்கள் முன்பதிவு செய்துகொண்டு சென்று கஞ்சி குடிக்கிறார்கள். விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்பட்ட நம் தாயர் குடித்ததும் கஞ்சியே. விலையில்தான் வேறுபாடு, அரிசிக்கும் நீருக்கும் அது தெரியாது.

‘மடிக்கல்’ என்ற பெயருக்கு உரிய பழைய தேநீர் நெறியில் முறை நேர்மாறானது. அங்கே சோறு முதலிலேயே வரும். வெறும் வயிற்றில் கெட்டித் தேநீர் பருகினால் தாங்காது என்பதற்காகவே அவ்வுணவு இடப்படுகிறது. விருந்தளிப்பவர் முதல் தட்டில் சிறிதளவு சோறும் சாறும் ஒரு கறியும் வைத்துத் தம் கையாலேயே கொண்டுவருவார். அப்போதுதான் வெந்த சோறு என்பதற்கு அடையாளமாக அது ஈரம் மாறாமல் இருக்கும். பின்னர்ப் பிற கலங்கள். இறுதியில் ‘யுத்தோ’ என்னும் கலம் வரும். பானையின் அடியில் பிடித்துத் தீய்ந்த சோற்றில் வெந்நீர் ஊற்றிச் சிறிது உப்பிட்டது அது. தீய்ந்த சோற்றை நீரூற்றிக் கரைத்துக் குடித்த நம் வீட்டு வழக்கத்தை அப்படியே தேநீர் அறைக்குள் காண்கிறோம். விருந்தினர் அந்நீரைத் தம் சோற்றுக் கிண்ணத்தில் ஊற்றி, ஒட்டிய பருக்கையும் எஞ்சாமல் கலக்கிப் பருகுவர். மடிப்பில் வைத்திருக்கும் தாளை எடுத்துக் கிண்ணத்தைத் துடைத்து மூடிவைப்பர். தட்டில் மிச்சம் என்று ஒன்றும் இராது.

விருந்தளித்தவர் அப்போது அறைக்குள் இருப்பதில்லை. கதவுக்கு அப்பால் காத்திருப்பார். உண்டு முடித்ததை வாயால் அறிவிப்பதும் வழக்கமில்லை. விருந்தினர் அனைவரும் தம் குச்சிகளைத் தட்டின் விளிம்பிலிருந்து ஒரே நேரத்தில் உள்ளே விழவிடுவர். அந்தச் சிறிய ஓசை கேட்டதும் அவர் கதவைத் திறந்து, வெறுங்கலங்களை எடுத்துச் செல்வார்.